நிலத்தடி இரும்புக் குழாயும் கறளும்: திருகோணமலை மண்ணில் எந்த வழி எங்கே பொருந்தும்?

மாரி தொடங்குவதற்கு முன்னர் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர், தீயணைப்புக்காக நாலு அங்குல இரும்புக் குழாயை வளவுக்குள் நூறு மீற்றர் தூரம் புதைக்க வேண்டும் என்றார். கொட்பேப் பக்கம் ஐஸ் ஆலை வைத்திருப்பவருக்குப் பழைய தண்ணீர்க் குழாய் மூன்றாவது தடவையாக ஓட்டையாகிவிட்டது. தம்பலகாமத்து அரிசி ஆலைக்காரர் டீசல் தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பற்றிக் கவலைப்பட்டார்.

மூவருக்கும் பலர் பல யோசனைகளை ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தார் பூசினால் போதும் என்று ஒருவர், மக்னீசியக் கட்டி போடச் சொல்லி ஒருவர், கரன்ட் கொடுக்கிற பெட்டி வைக்கச் சொல்லி ஒருவர், இரும்பையே விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் போடச் சொல்லி இன்னொருவர். நாலும் உலகம் முழுக்கப் பயன்படுகிற வழிகள்தான். எந்த இடத்துக்கு எது என்று பார்க்காமல் எடுத்தால், நாலிலும் பணம் மண்ணுக்குள் போகும். அதனால் மூவருக்கும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

புதைத்த குழாய் ஒரு பற்றரி மாதிரி வேலை செய்கிறது. குழாயின் ஓர் இடத்தில் இரும்பு கரைந்து மண்ணுக்குள் போகிறது; அங்கே மிஞ்சுகிற மின்சாரம் குழாய் வழியாகவே இன்னோர் இடத்துக்கு ஓடுகிறது; ஈரமண் சுற்றை முடித்துவைக்கிறது. குழாயின் மேல்பக்கம் காற்றோட்டமான மணலிலும் அடிப்பக்கம் இறுகிய களியிலும் இருந்தால் அது ஒன்றே போதும், அடிப்பக்கம் கரையத் தொடங்கும்.

ஒரு அம்பியர் மின்சாரம் ஒரு வருடம் ஓடினால் 9.1 கிலோ இரும்பு கரையும். அம்பியர் என்றால் பெரிதாகத் தெரியலாம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒரு மில்லி அம்பியரை, எடுத்துக்கொள்ளுங்கள். அது வருடத்துக்கு 9 கிராம் இரும்பைத் தின்னும். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, அதாவது 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு, ஒரு ஓட்டை விழ 4 கிராமுக்கும் குறைவான இரும்பு போனால் போதும். அந்த ஒரு மில்லி அம்பியரும் ஒரே புள்ளியால் வெளியேறினால், ஐந்து மாதத்தில் ஓட்டை. குழாய் முழுக்க நல்லாக இருக்க ஓர் இடத்தில் மட்டும் ஊசி குத்தியதுபோல் தண்ணீர் பீச்சுவதற்குக் காரணம் இதுதான்.

முடிவெடுக்க ஐந்து அளவுகோல்கள்

*மண்.* எல்லாவற்றுக்கும் முதலில் மண்ணின் மின்தடையை அளக்க வேண்டும். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் குத்தி, வெளிக்கம்பி இரண்டிலும் கரன்ட் விட்டு, உள்கம்பி இரண்டுக்கும் நடுவில் வோல்ற்றை அளப்பார்கள். எர்த் சோதிக்கிற மீற்றர் வைத்திருக்கும் நல்ல எலெக்ட்ரீசியன் அரை நாளில் செய்துவிடுவார். கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்த ஆழத்து மண்வரைக்குமான சராசரி கிடைக்கும். கணக்கும் சின்னது: இடைவெளியை மீற்றரில் எடுத்து, மீற்றர் காட்டும் ஓமால் பெருக்கி, அதை 6.28 ஆல் பெருக்குங்கள். 1.5 மீற்றர் இடைவெளியில் 1.6 ஓம் வந்தால் ஏறத்தாழ 15 ஓம்-மீற்றர், அதாவது 1,500 ஓம்-சென்ரிமீற்றர்.

1,000 ஓம்-சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால் அது இரும்பைத் தின்கிற மண். 1,000 முதல் 3,000 வரை கடுமை. 10,000 வரை நடுத்தரம். அதற்கு மேலே இருந்தால் ஓரளவு நிம்மதி. ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: கடல்நீர் 20 முதல் 25 தான்.

எங்கள் மாவட்டத்தில் பத்துக் கிலோமீற்றருக்குள் மண் முழுக்க மாறிவிடும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் மேலே காய்ந்த மணல், தோண்டினால் உப்பேறிய தண்ணீர். கிண்ணியாவிலும் தம்பலகாமக் குடாவை ஒட்டியும் கண்டல் வளர்கிற கறுத்த சேறு. வயல் பக்கம் களி. நகரத்தின் மேட்டுப் பக்கங்களில் கல். கன்னியாப் பக்கம் போனால் செம்மண். ஒரே ஊரில் ஒருவருக்குச் சரிவந்த வழி பக்கத்து ஊர்க்காரருக்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

இரண்டு தடவை அளப்பது நல்லது. கச்சான் காற்று அடிக்கிற ஆவணி மாதத்தில் வரும் எண்ணும், மாரி மழை ஊறிய மார்கழியில் வரும் எண்ணும் பல மடங்கு வேறுபடலாம். கறளின் வேகத்தைக் கணிக்கக் குறைந்த எண்ணைப் பாருங்கள். காப்புக் கட்டி (குழாய்க்குப் பதிலாகக் கரையவிடும் உலோகக் கட்டி, வழி 2 இல் வரும்) போதுமா என்று கணிக்க உயர்ந்த எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் காய்ந்த மண்ணில் கட்டியால் கரன்ட் தள்ள முடியாது.

மூக்கையும் பயன்படுத்தலாம். தோண்டும்போது கறுத்த சேறு அழுகிய முட்டை மணத்தோடு வந்தால், காற்றில்லாத மண்ணில் வாழ்கிற கந்தகப் பக்டீரியா அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது கறளை வேகப்படுத்தும். காப்பும் கூடுதலாகத் தேவைப்படும்.

*உள்ளே போவது என்ன.* தோட்டத்துக்குத் தண்ணீர் போகிற குழாய் ஓட்டையானால் தண்ணீர்க் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். தீயணைப்புக் குழாய் ஓட்டையானால் தேவைப்படும் இரவில் அழுத்தம் இருக்காது. டீசல் கசிந்தால் அயல் கிணறுகள் எல்லாம் போய்விடும். இந்த மூன்றுக்கும் ஒரே அளவு செலவழிப்பது நியாயமில்லை.

*புதுசா, பழசா.* புதுக் குழாய்க்கு எல்லா வழியும் திறந்திருக்கும். பூச்சு உதிர்ந்த பழைய குழாய்க்கு வழி குறைவு.

*எதையெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறது.* செம்பு எர்த் றொட், கொங்கிரீற்றுக்குள் இருக்கும் கம்பி, பித்தளை வால்வு, பழைய குழாய், நீர்வழங்கல் சபையின் குழாய் எல்லாம் இதில் அடங்கும். கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

*ஐந்தாம் வருடம் யார் பார்ப்பார்?* விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை பொருள் கெட்டதால் வந்தவையல்ல, பார்க்க ஆள் இல்லாமல் வந்தவை. உங்கள் இடத்தில் மாதம் ஒருமுறை ஒரு மீற்றரைப் படித்துக் கொப்பியில் எழுதக்கூடிய ஆள் உண்டா? வருடத்துக்கு ஒருமுறையாவது? யாருமே இல்லையா? பாதி முடிவு இந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தில் பம்ப் அறைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குழாய் ஓட்டையாகி, என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று வருடம்கூட ஆகாத குழாய். தோண்டிப் பார்த்தால் மீதிக் குழாயில் தார் பளபளவென்று இருக்கிறது. சுவரை ஒட்டிய அந்த ஒரு சாணில் மட்டும் பூச்சுக் கீறியிருக்கிறது, அந்தக் கீறலில் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ஓட்டையை அடைத்துவிட்டு மண்ணைத் தள்ளிவிடலாம் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரைக் கடக்கும் இடத்தில் குழாய் கொங்கிரீற்றின் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பம்பின் எர்த் வயர் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டு, வெளியே செம்பு றொட்டுக்குப் போயிருந்தது.

கொங்கிரீற்றுக்குள் இருக்கிற இரும்பு, மண்ணில் இருக்கிற இரும்பைவிட ஏறத்தாழ 0.3 வோல்ற் "உயர்ந்த" இடத்தில் நிற்கும். செம்பும் அப்படித்தான். இரண்டையும் மண்ணிலுள்ள குழாயோடு தொடுத்தால், குழாய் தன்னைக் கரைத்து அவற்றைக் காப்பாற்றும். அங்கே அந்த ஒரு சாண் கீறல் ஒரு கட்டடம் முழுக்க உள்ள கம்பிக்காகக் கரைந்துகொண்டிருந்தது.

ஆகவே குழாய் கட்டடத்திலிருந்து வெளியேறும் இடத்தில் மின்காப்பு இணைப்பு, அதாவது கரன்ட் கடக்காத இணைப்பு, ஒன்று வேண்டும். பெரிய குழாய்க்கு ரப்பர் தட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட போல்ற்றும் கொண்ட ஃபிளான்ஜ், சின்னக் குழாய்க்கு ஒரு மீற்றர் பிளாஸ்டிக் துண்டு. சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை. ஒரு எச்சரிக்கை: பழைய கட்டடங்களில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அதை வெட்டினால் வீட்டுக்கு எர்த் இல்லாமல் போகும், உயிராபத்து. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வேறு எர்த் போட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது பழைய குழாயில் புதுத் துண்டு போடுவது. ஓட்டையான ஆறு அடியை வெட்டிப் புதுக் குழாய் வைத்தால், முதலில் கறள் பிடிப்பது அந்தப் புதுத் துண்டுதான். கறளேறிய பழைய இரும்பு உயர்ந்த பக்கம், பளிச்சென்ற புது இரும்பு தாழ்ந்த பக்கம். "புதுப் பைப் தரமில்லை" என்று ஹார்ட்வெயார் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். குழாயில் ஒரு குறையும் இல்லை. புதுத் துண்டை நன்றாகச் சுற்றிக்கட்டி, முடிந்தால் இரண்டு முனையிலும் மின்காப்பு வையுங்கள்.

கல்வனைஸ்ட் பைப் போட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள நாகப் (சிங்க்) படை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உப்பு மண்ணில் சில வருடங்களில் அது போய்விடும். பிறகு அது வெறும் இரும்பு.

வழி 1: பூச்சும் நாடாவும் மட்டும்

தார், எப்பொக்ஸி, மெழுகு ஊறிய சுற்று நாடா, தொழிற்சாலையில் மூன்று படையாகப் பூசிவரும் பொலித்தீன் எல்லாம் இந்த வகைதான். வேலை ஒன்றே: இரும்பை மண்ணிலிருந்து பிரிப்பது.

கையில் எடுக்கும் செலவு இதில்தான் குறைவு. மறைந்த செலவு இணைப்புகளில் இருக்கிறது. தொழிற்சாலையில் பூசிய பகுதி நன்றாகவே இருக்கும். வெல்டிங் வைத்த இடத்தை நீங்கள்தான் பூச வேண்டும், அதுவும் குழிக்குள் குனிந்து, மாலை இருட்டுவதற்குள். கடற்கரை வளவில் இரண்டு வாரம் கிடந்த குழாயின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடாமல் அதன்மேல் பூசினால், உப்பு ஈரத்தை இழுத்து ஒரு மழைக்காலத்திலேயே பூச்சுக் கொப்பளிக்கும். கழுவி, கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, அடிப்பூச்சுக் கொடுத்து, நாடாவை முந்தின சுற்றின் பாதி மூடும்படி இழுத்துச் சுற்ற வேண்டும். மண் மூடும்போது கல்லில்லாத மணலைக் குழாயின் கீழும் மேலும் ஒரு சாண் போட வேண்டும். பெக்கோக்காரர் அள்ளிய கல்லோடு மண்ணைத் தள்ளினால் அதுவரை செய்த வேலை போச்சு. அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதற்குள்ளே இன்னோர் ஆபத்தும் உண்டு. பூச்சு முழுக்க நன்றாக இருந்து ஒரே இடத்தில் கீறல் இருந்தால், குழாயின் கறள் எல்லாம் அந்த ஒரு கீறலில் குவியும். மேலே சொன்ன பம்ப் அறைக் கதையில் நடந்தது அதுதான். உப்பு மண்ணில் பூச்சை மட்டும் நம்பக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்.

பொருந்தும் இடம்: 10,000 ஓம்-சென்ரிமீற்றருக்கு மேலான மேட்டு நிலம், செம்மண், சின்ன நீளம், ஓட்டையானால் தோண்டித் திருத்தக்கூடிய தண்ணீர்க் குழாய்.

(எளிதில் உடையாத வார்ப்பிரும்பான டக்டைல் இரும்புக் குழாய் என்றால் 200 மைக்ரோன் பொலித்தீன் உறையைத் தளர்வாகப் போர்த்திக் கட்டுவது பழகிய முறை. கிழியாமல் போட்டால் நன்றாகவே நிற்கிறது.)

வழி 2: பூச்சோடு பலியாகும் கட்டி

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இரும்புப் படகைக் கரையேற்றும்போது, அடியில் சுக்கான் பக்கம் போல்ற் போட்டிருக்கும் நாகக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். "சிங்க் கட்டி" என்பார்கள். படகின் இரும்புக்குப் பதிலாக அது கரையும். கரைந்து தேய்ந்ததும் மாற்றுவார்கள். 1824 இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் நாகத்தையும் பொருத்திப் பார்த்த அதே கோட்பாடு இது. நிலத்தடிக் குழாய்க்கும் கட்டியைக் குழாயிலிருந்து சில அடி தள்ளிப் புதைத்து, வயரால் குழாயோடு இணைக்கிறோம். ஜிப்சமும் பென்ரனைட் களியும் சேர்ந்த கலவை நிரப்பிய பையோடு கட்டி வரும். நட்டதும் பையைத் தண்ணீரால் ஊறவைக்க மறக்கக்கூடாது.

எந்த உலோகம் என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மக்னீசியத்துக்குத் தள்ளும் பலம் கூட, ஆகவே 1,500 முதல் 5,000 வரையான மண்ணில், சில இடங்களில் 10,000 வரைகூட, அதுதான் சரி. அதையே 500 ஓம்-சென்ரிமீற்றர் உப்பு மண்ணில் போட்டால் தேவைக்கு மேல் கரன்ட் தள்ளிச் சில வருடங்களில் கரைந்துவிடும். அங்கே நாகம் போடுங்கள். மெதுவாக, அளவாகக் கரையும். கடலுக்குள் நன்றாக வேலை செய்கிற அலுமினியக் கட்டியை மண்ணில் புதைக்க வேண்டாம்; மண்ணில் அதன்மேல் படலம் கட்டி வேலை நின்றுபோகும்.

விடுதிக்காரரின் குழாயை வைத்தே ஒரு கணக்குப் போடுகிறேன். நாலு அங்குலக் குழாய் நூறு மீற்றர் என்றால் வெளிப்பரப்பு 36 சதுர மீற்றர். பூச்சே இல்லாவிட்டால் சதுர மீற்றருக்கு 20 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம், மொத்தம் 0.72 அம்பியர். ஒரு அம்பியருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 8 கிலோ மக்னீசியம் போகும். 20 வருடத்துக்கு 115 கிலோ. கட்டி கடைசித் துளிவரை பயன்படாது என்பதால் 135 கிலோ வாங்க வேண்டும். பூச்சு நன்றாக இருந்து சதுர மீற்றருக்கு 1 மில்லி அம்பியர் போதுமென்றால் மொத்தமே 36 மில்லி அம்பியர். 20 வருடத்துக்கு 7 கிலோவுக்குள் முடிந்துவிடும். 135 எங்கே, 7 எங்கே! இணைப்புப் பூச்சில் சேமிக்கிற ஒரு நாள் கூலி இங்கே கட்டியாகத் திரும்பி வரும்.

மறைந்த செலவு: மின்காப்பு இணைப்பு இல்லாவிட்டால் கட்டி உங்கள் குழாயை விட்டுவிட்டு எர்த் றொட்டையும் கட்டடக் கம்பியையும் காக்கப் போய்விடும், ஒன்றிரண்டு வருடத்தில் தீரும். அப்புறம், வயரை நேரே குழாயில் வெல்ட் செய்து புதைத்துவிட்டால் வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வயரையும் தரைக்கு மேலே ஒரு சின்னச் சோதனைப் பெட்டிக்குள் கொண்டுவந்து அங்கே இணையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிடுவதற்கான செப்புச் சல்பேற்றுக் கலத்தை ஈரமண்ணில் வைத்து, அதற்கும் குழாயின் வயருக்கும் நடுவில் மல்ரிமீற்றரால் அளந்தால் போதும். −0.85 வோல்ற் அல்லது அதைவிட எதிர்ப்பக்கம் காட்டினால் குழாய் காப்பில் இருக்கிறது. முட்டை மணச் சேறு என்றால் −0.95 வரை கொண்டுபோக வேண்டும். புது இரும்பு காப்பில்லாமல் −0.5 முதல் −0.7 வரை காட்டும் என்பதால் வித்தியாசம் உடனே தெரியும். காப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் எண் உண்மையைவிடக் கொஞ்சம் நல்லதாகக் காட்டும். வயரைக் கழற்றின அந்த நொடியில் வரும் எண்தான் சரியானது.

பொருந்தும் இடம்: நூறு, இருநூறு மீற்றர் பூச்சுப் போட்ட புதுக் குழாய், கரன்ட் வசதி இல்லாத இடம், வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் வரும் என்ற நிலை.

வழி 3: பூச்சோடு வெளியிலிருந்து கரன்ட்

மின்சார சபையின் கரன்ட்டை ஒரு பெட்டி நேர்மின்னோட்டமாக மாற்றும். எதிர்முனை குழாய்க்கு, நேர்முனை தூரத்தில் கரித்தூளுக்குள் புதைத்த சிலிக்கன் இரும்பு அல்லது டைட்டேனியக் கம்பிகளுக்கு. கட்டியால் தள்ள முடியாத காய்ந்த மண்ணிலும், பூச்சு உதிர்ந்த பழைய குழாயிலும், கிலோமீற்றர் கணக்கில் ஓடும் குழாயிலும் இதற்கு நிகர் இல்லை. 1928 இல் நியூ ஓர்லியன்ஸில் ஒரு நீண்ட வாயுக் குழாயில் பொறியியலாளர் ரொபர்ட் கூன் இதைச் செய்துகாட்டினார், −0.85 என்ற எண்ணும் அவரிடமிருந்து வந்ததுதான். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற மாதிரியான பெரிய வளாகத்தில், குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற இடத்தில், முதலில் ஆராய வேண்டிய வழி இது.

ஆனால் ஒரு விடுதிக்கோ சின்ன ஆலைக்கோ இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஒரு தொழிற்சாலையில் இந்தப் பெட்டியைப் பார்க்கப் போனேன். பச்சை விளக்கு எரிகிறது. பெட்டியைத் துடைத்துச் சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார்கள். அம்பியர் முள் பூச்சியத்தில் நிற்கிறது. எப்போதோ மதில் கட்ட அத்திவாரம் வெட்டியவர்களின் மண்வெட்டி கீழே போகிற வயரை அறுத்திருக்கிறது. விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். எத்தனை மாதம் அப்படிக் கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முள்ளை வாசித்து எழுதின கொப்பி இல்லை. பராமரித்தவர் வேறு வேலைக்குப் போனபோது அந்தப் பொறுப்பு யாருக்கும் கைமாறவில்லை. அந்தக் குழாயில் வரிசையாக ஓட்டைகள்.

வேறு செலவுகளும் உண்டு. 2022 இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரன்ட் இல்லாமல் இருந்த காலத்தை மறக்க முடியாது. அப்போது இந்தக் காப்பும் இருந்திருக்காது. ஐப்பசி இடிமுழக்கத்துக்கு மின்னல் தடுப்பு இல்லாமல் வைத்தால் பெட்டி போகும். வயரை மாற்றிக் கொடுத்தால் குழாயே கட்டியாகி, மாதக்கணக்கில் கரைந்து முடியும். வேலை முடிந்த அன்றே அளந்து, எண் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தாலும் கேடு: −1.2 வோல்ற்றைத் தாண்டினால் பூச்சு உரியத் தொடங்கும். பக்கத்து வளவுக்காரரின் குழாய் நடுவில் கிடந்தால், உங்கள் கரன்ட் அதில் ஏறி வேறிடத்தில் இறங்கும். இறங்குமிடத்தில் அவருடைய குழாய் கரையும். அயலவரோடும் நீர்வழங்கல் சபையோடும் பேசாமல் இதைத் தொடங்கக்கூடாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. காப்புக் கரன்ட் ஓடும் எரிபொருள் குழாயை வெட்டுவதற்கு முன் பெட்டியை நிறுத்தி, வெட்டப்போகும் இடத்தின் இரண்டு பக்கத்தையும் தடித்த வயரால் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது பொறி பறக்கும்.

பொருந்தும் இடம்: நீண்ட அல்லது பழைய குழாய், பல தாங்கிகள், மாதாமாதம் மீற்றர் படிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் உள்ள நிறுவனம்.

வழி 4: இரும்பையே விடுவது

தோட்டத்துத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நாங்கள் எஸ்லோன் பைப் என்றே சொல்லிப் பழகிய பீவீசீயையோ, உருளையாக வரும் கறுத்த எச்டீபீஈ குழாயையோ போடுங்கள். கறள் என்ற பேச்சே இல்லை.

எச்டீபீஈயில் 10 பார், 16 பார் என்று அழுத்த வகுப்பு உண்டு. தீயணைப்பின் நிலத்தடிப் பகுதிக்கும் தகுந்த வகுப்பில் கிடைக்கிறது. சூட்டைக் கணக்கில் எடுங்கள்: 20 பாகையில் சொல்லப்படும் அழுத்தத்தில் 40 பாகையில் கால் பங்கு குறைந்துவிடும். வெயிலில் கிடக்கும் மணலில் ஆழமில்லாமல் புதைத்தால் அது சும்மா பேச்சல்ல. தரைக்கு மேலே வரும் இடத்தில் இரும்புக்கு மாற வேண்டும்; மாறும் இணைப்பு மண்ணுக்குள் இருந்தால் அதன் போல்ற்றுகளுக்குக் கறள் பிடிக்கும், அதை நாடாவால் சுற்றுங்கள். இணைப்பைச் சூடாக்கி ஒட்டும் கருவியும் பழகிய ஆளும் தேவை. குழாயோடு ஒரு செம்பு வயரையும் சேர்த்துப் புதைத்தால் பிறகு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கலாம். பெற்றோல், டீசல் ஊறிய மண்ணில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் போடாதீர்கள்; எரிபொருள் சுவரை ஊடுருவிக் குடிதண்ணீரில் கலக்கும். அங்கே காப்புள்ள உலோகம்தான்.

ஒரே பார்வையில்

| | பூச்சு மட்டும் | பூச்சு + கட்டி | பூச்சு + கரன்ட் பெட்டி | பிளாஸ்டிக் |
|---|---|---|---|---|
| உப்பு மண் | நம்ப வேண்டாம் | நாகம் | ஆகும் | மிக நல்லது |
| காய்ந்த மேட்டு மண் | போதும் | மக்னீசியம், 10,000 வரை | ஆகும் | நல்லது |
| பூச்சு உதிர்ந்த பழைய குழாய் | பயனில்லை | கட்டி நிறைய வேண்டும் | இதுவே வழி | மாற்றிவிடலாம் |
| பார்க்கும் வேலை | இல்லை | வருடம் ஒருமுறை | மாதம் ஒருமுறை | இல்லை |
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | கூட | அளவைப் பொறுத்தது |
| பெரிய ஆபத்து | இணைப்பில் கீறல் | எர்த்தோடு தொடுப்பு | கவனிப்பாரில்லாமல் போவது | சூடு, எரிபொருள் |

மூவருக்கும் சொன்னது

ஐஸ் ஆலைக்காரருக்குக் குழப்பமே தேவைப்படவில்லை. தண்ணீர்தான், குளிர்ந்த தண்ணீர்தான்; மண்ணோ 400 காட்டியது. பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு எச்டீபீஈயைப் புதுப் பாதையில் போடச் சொன்னேன். மூன்று தடவை ஓட்டை அடைக்கக் கிடங்கு வெட்டிய கூலியைக் கூட்டிப் பார்த்தபோது அவருக்கே மனம் வலித்தது.

அரிசி ஆலையின் டீசல் குழாய்க்கு நாலு வழியையும் விட்டு ஐந்தாவது ஒன்றைச் சொன்னேன்: புதைக்கவே வேண்டாம். தூரம் பதினெட்டு மீற்றர். கொங்கிரீற்று வாய்க்கால் கட்டி, எடுக்கக்கூடிய மூடி போட்டு, அதற்குள் முட்டுக் கட்டைகள்மேல் குழாயைக் கிடத்தி வர்ணம் பூசினால், கறளும் கண்ணுக்குத் தெரியும், கசிவும் தெரியும். வயலும் கிணறும் அருகில் இருக்கிற இடத்தில் கண்ணால் பார்க்க முடிகிற குழாயைவிடப் பாதுகாப்பானது எனக்குத் தெரியவில்லை.

விடுதிக்காரர்தான் நிறைய யோசித்தார். இரும்புதான் வேண்டும் என்று தீயணைப்பு வேலை செய்பவர் பிடிவாதமாக இருந்தார். ஆவணியில் அளந்தபோது மேல்மண் 6,000. ஒன்றரை மீற்றர் ஆழத்தில் 900. கரன்ட் பெட்டி வேண்டாம் என்றேன்; அங்கே வேலை செய்பவர்கள் சுற்றுலாக் காலம் முடிந்ததும் மாறிவிடுவார்கள். தொழிற்சாலைப் பூச்சுள்ள குழாய், இணைப்புகளில் சுற்று நாடா, பம்ப் அறைச் சுவரில் மின்காப்பு ஃபிளான்ஜ், ஈரம் குறையாத ஆழத்தில் நாகக் கட்டி நாலு, வாசல் மல்லிகைச் செடியடியில் ஒரு சோதனைப் பெட்டி. பெட்டியின் மூடிக்குள் ஒரு தகட்டில் −0.85 என்றும், வருடா வருடம் தைப்பொங்கல் கிழமையில் அளக்க வேண்டும் என்றும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வேலை முடிந்த அன்று வயரைக் கழற்றி அளந்தபோது −0.97 காட்டியது. அதைக் கொப்பியின் முதல் வரியில் அவருடைய மகள் எழுதினாள்.